சுங்க அதிகாரியின் ஏழு தகரப் பெட்டிகள்

கூட்டத் தலைவர் அவர்களே, அவருக்கு இருபுறமும் கைக்குட்டையும் கையுமாக வீற்றிருக்கும் பிரமுகர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்திருக்கும் நல்லவர்களே, வணக்கம்.

மறைந்த நம் ஐயா பதினெட்டு ஆண்டுகள் துறைமுகச் சுங்கத்தின் தலைமை அதிகாரி. பன்னிரண்டு ஆண்டுகள் சட்டசபை உறுப்பினர். எத்தகைய மனிதர்! அவரைப் புகழ்ந்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நேற்று முழுக்க யோசித்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும். அதற்குமேல் ஓடவில்லை.

நான் அவரிடம் குமாஸ்தா. நீராவிக் கப்பலில் வந்திறங்குகிறவர்களின் பெட்டியைக் கிளறி முடித்ததும் மற்ற அதிகாரிகள் மூடச் சொல்வார்கள். ஐயா மட்டும் உள்ளே கிடக்கும் கடிதங்களையும் படித்துவிட்டுத்தான் மூடச் சொல்வார். தனக்கு வந்த கடிதம் ஒன்றையும் அவர் கிழித்ததில்லை. சிபாரிசு, கோள், காலில் விழுந்த மன்னிப்பு எல்லாவற்றையும் ஆள்வாரியாகக் கட்டி ஏழு தகரப் பெட்டிகளில் வைத்தார். சட்டசபைக்கு எப்படிப் போனார்? மக்கள் அன்பாலா? தேர்தலுக்கு முன் வீடு வீடாகப் போய், "உங்க பழைய கடிதம் ஒண்ணு எங்கிட்ட பத்திரமா இருக்கு" என்று நலம் விசாரித்தார். எதிர்த்து நிற்க ஆளே கிடைக்கவில்லை.

அந்த ஏழு பெட்டிகளும் கட்சி அலுவலக மாடியில் இருக்கின்றன. ஐயாவின் அந்தரங்கத்துக்கு மரியாதை செய்து அவற்றை எரித்துவிட வேண்டுமாம். இது மேடையின் தீர்மானம். மேடையின் அவசரம் எனக்குப் புரிகிறது. அதை வழிமொழியத்தான் நானும் வந்தேன். நூலகத்துக்குக் கொடுங்கள் என்று சொல்வது அவர் மகள் ஒருவர்தான்.

வாசலில் என்னை நிறுத்தி ஒரு காகிதத்தைக் கையில் திணித்தார். "இது உங்களோடது மாமா, எடுத்துக்கிட்டுப் போங்க. மத்ததை எரிக்க விடாதீங்க. எரிச்சுட்டா அப்பாவுக்குச் சிலைதான் மிஞ்சும்."

பதினாறு ஆண்டுகளுக்கு முன், கடத்தல்காரர்களுக்கு உடந்தை என்று, சுங்கத்தில் சரக்கை நிறுத்த நம் எடைக்காரர்மீது ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. அவர் வேலை போயிற்று. ஐயாவே எழுதி ஐயாவே விசாரித்தார் என்று ஊர் நம்புகிறது. ஐயாவை எனக்குப் பிடிக்காது. ஆனால் எழுதியது நான். எடைக்காரருக்கு வரவேண்டிய பதவி உயர்வு எனக்கு வேண்டியிருந்தது. இதோ, மகள் திணித்த அந்தக் கடிதம். ஓரத்தில் ஐயா குறித்திருக்கிறார்: 'முழுப் பொய். எழுதியவன் நம் குமாஸ்தா. பயன்படுவான்.'

பயன்பட்டேன். சட்டசபையில் அவர் முழங்கியதெல்லாம் நான் எழுதிக் கொடுத்ததுதான். சுமாராக இருந்ததற்கும் நானே பொறுப்பு.

ஐயாவின் பணியைத் தொடர்வோம் என்று இவ்விடத்தில் உறுதி ஏற்க வேண்டும். ஏற்கிறேன். அவர் ஒன்றையும் கிழிக்கவில்லை. நாம் ஒன்றையும் எரிக்க மாட்டோம். நூலகத்துக்கு முதலில் போவது என் கடிதமாக இருக்கட்டும். மேசைமேல் வைத்துவிட்டேன்.

மூன்றாம் வரிசையிலிருந்து எடைக்காரர் எழுந்து வருகிறார். படிக்க வருகிறாரா, அறைய வருகிறாரா, தெரியவில்லை. இரண்டுக்கும் உரிமை உள்ளவர். வழிவிடுங்கள். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.