தண்ணியில ஓடுற கார்

– வாசலுக்கும் உள்ளுக்குமா எத்தனை தடவைதான் நடப்பீங்க? உக்காருங்களேன்.

– வேன் இன்னும் வரலையே...

– ஸ்கூல் வேன் என்னிக்கு நேரத்துக்கு வந்திருக்கு? பாப்பா வந்துடுவா. அதுக்கு ஏன் உங்களுக்கு இப்படி வேர்க்குது?

– வேன்காரர் போனை எடுக்க மாட்டேங்குறாரு.

– வண்டி ஓட்டுற மனுஷன் எப்படி எடுப்பாரு? ...இருங்க. அவருக்கு எப்பவும் நான்தானே பேசுவேன். நீங்க எதுக்குப் பண்றீங்க?

– சும்மாதான்.

– என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

– ...கத்தக் கூடாது.

– கத்தற மாதிரி என்ன பண்ணித் தொலைச்சீங்க?

– நம்ம கார்ல மாட்டியிருக்கேன்ல... ஹைட்ரஜன் பாட்டில்...

– தெரியுமே! என் எவர்சில்வர் தட்டை வெட்டி உள்ள போட்டு, சோடா மாவு கரைச்சு ஊத்தி, பேட்டரியில வயரைச் சொருகி... தண்ணியில வாயு வரும், இன்ஜினுக்குப் போகும், பாதி பெட்ரோல் போதும்னு ஊரையே கூட்டினீங்களே, விஞ்ஞானி ஐயா! அதுக்கென்ன இப்ப?

– வேன்காரரும் கேட்டாரு. காலையில மாட்டிக் குடுத்தேன்.

– எதுல?

– வேன்லதான்.

– அய்யய்யோ! பிள்ளைங்க போற வண்டியிலயா? உங்களுக்குப் புத்தி கித்தி கலங்கிப்போச்சா?

– கத்தக் கூடாதுன்னு சொன்னேன்ல! ஒண்ணும் ஆகாது. மத்தியானம்கூடப் பேசினாரு. லேசா ரப்பர் கருகுற வாடை வருதுன்னாரு...

– என்னது?

– புதுசுல அப்படித்தான் இருக்கும், ஓட்ட ஓட்டச் சரியாயிடும்னு சொன்னேன்.

– கருகுற வாடை எப்படிங்க சரியாகும்? கார் சாவி எங்க? ஸ்கூல் ரோட்டுல போய்ப் பாப்போம். கிளம்புங்க!

– பதறாத. நம்ம கார்ல ரெண்டு மாசமா ஓடுது. பாப்பாவ உக்கார வெச்சு எவ்வளவு தூரம் போயிருக்கோம்! துளி புகை வந்துச்சா?

– வராது.

– அதத்தான் நானும் சொல்றேன்.

– வராதுங்க... அது ஓடவே இல்ல.

– எது?

– உங்க பாட்டில். மாட்டின மறுநாளே வயரை அத்துட்டேன்.

– விளையாடாத. முன்னாடி பச்சை லைட் எரியுதே!

– லைட்டுக்குப் போறத விட்டுட்டேன். பாட்டிலுக்குப் போற வயரை மட்டும் வெட்டி, தெரியாம டேப் சுத்தினேன்.

– தண்ணி குறைஞ்சுதே! வாரா வாரம் நான்தானே ஊத்தறேன்!

– நீங்க பாக்குறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் எடுத்துக் கொட்டிடுவேன்.

– அப்ப பெட்ரோல்? அதுதான் அவ்வளவு மிச்சமாச்சே!

– என் ஸ்கூட்டருக்குன்னு கேன்ல வாங்கி வெச்சிருப்பேன். நீங்க குளிக்கப் போனதும் கார்ல ஊத்திடுவேன்.

– ஏன்டி... ஏன்டி இப்படிப் பண்ணின?

– பயம்ங்க. பாப்பா ஏறுற வண்டி, வெடிச்சிடுமோன்னு பயம்.

– அத எங்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே!

– எப்படிச் சொல்றது? வேலை போனதுலேர்ந்து செவுத்தையே வெறிச்சுப் பாத்துட்டு இருந்தீங்க. அத மாட்டின அன்னிக்குத்தான் விசில் அடிச்சுக்கிட்டே குளிச்சீங்க. அதக் கெடுக்க எனக்கு மனசு வரலைங்க.

– எனக்காகவாடி இத்தனையும் பண்ணின...

– இப்ப அழுது என்ன ஆகப்போகுது? ஏறுங்க, வண்டிய எடுங்க. போனைக் குடுங்க, நான் அடிக்கிறேன்... மணி அடிக்குது... அடிச்சுக்கிட்டே இருக்கு...

– எடுத்தாரா?

– இல்ல... ஏங்க, சின்ன பாட்டில்தானே? காபித்தூள் பாட்டில். அந்த ஒரு பாட்டில்ல அப்படி என்ன ஆயிடப்போகுது? ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்களேன்!

– ஒண்ணு இல்லடி... நம்ம கார்ல ஒரு தொந்தரவும் வரலையேங்கற தைரியத்துல, வேனுக்கு நாலு மாட்டிட்டேன்... பாப்பா உக்கார்ற சீட்டுக்கு அடியில.