ஹெல்மெட்டில் இருந்தவர்

“எங்கப்பா ப்ளேட்ல வளர ஆரம்பிச்சுட்டாருடி.”

தாம்பரத்தில் காலை மின்சார ரயில் கிளம்பும்போது எதிர் சீட்டிலிருந்து காதில் விழுந்தது. மைக்ரோபயாலஜி முதல் வருடப் பெண்கள் இருவர். மடியில் மடித்து வைத்த லேப் கோட்.

“லூசு மாதிரி பேசாத. அது பாக்டீரியா.”

“வீட்டுல ஏதாவது ஒண்ணைப் பஞ்சால துடைச்சு எடுத்துட்டு வாங்கன்னு மேடம் சொன்னாங்கல்ல? நான் அம்மாவுக்குத் தெரியாம அப்பா ஹெல்மெட்டோட உள்பக்கத்தைத் துடைச்சு, லேப்ல ப்ளேட்ல தடவினேன். போன மாசம் அவர் தவறினதுலருந்து அம்மா அதை யாரையும் தொட விடல. அதுல இருக்கறதெல்லாம் அவர் தலையில இருந்ததுதானே?”

“சரி, பார்த்து முடிச்சதும் ஆட்டோகிளேவ்ல வெச்சு நீராவியில கொன்னிருக்கணுமே?”

“எப்படிடி? திரும்பவுமா?”

சானடோரியம் ஸ்டேஷனில் கூட்டம் ஏறியது. அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். நான் கொஞ்சம் முன்னால் சாய்ந்துகொண்டேன்.

“வீட்டுக்கா எடுத்துட்டுப் போன?”

“டிபன் பாக்ஸ்ல வெச்சு. அம்மாகிட்ட காட்டினேன். மஞ்சளா, புள்ளி புள்ளியா இருந்துச்சு. அம்மா பார்த்துட்டே இருந்தாங்க. மேல வளர வேணாம்னு ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டுப் படுத்தேன். காலைல அங்க காணோம். அம்மா போர்வைக்குள்ள இருந்துச்சு. அவருக்குக் குளிர் ஒத்துக்காதாம்.”

“ஐயோ. மூடி போட்டிருந்துதுல்ல?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குரோம்பேட்டை தாண்டியது.

“திறந்து வெச்சிருந்தாங்க. மூச்சு முட்டுமாம்.”