மேசைமேல் நாற்பது நிமிடம்

எனக்குத் தேநீரைச் சூடாகக் குடிக்க வராது. நாக்கு சுடாத பதத்துக்கு ஆறவிட்டு, மிடறு மிடறாகத்தான் இறங்கும். ஒரு கோப்பைக்கு நாற்பது நிமிடம். ஆய்வகத்தில் எனக்குப் பெயரே ‘ஆறின டீ’. நீங்கள் கொடுத்த இந்தக் கோப்பையும் ஆறட்டும், அதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

என் வேலை பெரிய கம்பசூத்திரம் இல்லை. பக்கத்துக் கட்டடத்து மருத்துவமனையில் தொண்டைப் புற்றுக் கட்டியிலிருந்து அரிசியளவு சதை வெட்டி எடுப்பார்கள். செவிலி அதைக் குப்பியில் போட்டுப் பத்தே முக்காலுக்குக் கொண்டுவருவார். நான் அதைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, எந்த மரபணு விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்று அளப்பேன். கட்டிக்குள் ஆக்சிஜன் குறைந்தால் அங்கிருக்கும் செல்கள் எல்லாமே செத்துவிடுவதில்லை. சில மரபணுக்களை எழுப்பி, குறைந்த மூச்சிலேயே பிழைக்கக் கற்றுக்கொள்ளும். அப்படிப்பட்ட கட்டியிடம் கதிர்வீச்சின் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது. இது ஊரறிந்த விஷயம். அந்த மரபணுக்களில் ஒன்றை வைத்து ஒரு சோதனையை உண்டாக்கியதுதான் என் பங்கு. மரபணு தூங்கினால் கதிர்வீச்சு. விழித்திருந்தால் அது வேண்டாம், எங்கள் இயக்குநரின் புது மாத்திரை. பத்தில் ஏழு பேருக்கு விழித்திருந்தது. இயக்குநர் என்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார். எனக்கும் பெருமையாக இருந்தது.

மூன்றாம் வருடம் ஒரு நாள் குழாய் உடைந்து, குப்பி வந்ததும் நான் தேநீருக்குப் போகும் உணவகத்தை மூடிவிட்டார்கள். தேநீர் இல்லை. குப்பி வந்த கையோடு உறையவைத்தேன். மரபணு தூங்கியது. மறுநாள் வந்ததும் தூங்கியது, அதற்கு மறுநாள் வந்ததும் அப்படியே. எனக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. வெட்டியெடுத்த சதைக்கு இரத்தம் கிடையாது, இரத்தம் இல்லாவிட்டால் ஆக்சிஜனும் கிடையாது. ஆனாலும் குப்பிக்குள் அது கொஞ்ச நேரம் உயிரோடுதான் இருக்கும். நான் உணவகத்தில் உட்கார்ந்திருந்த நாற்பது நிமிடமும் அது என் மேசைமேல் மூச்சுத் திணறி, அந்த மரபணுவை எழுப்பியிருக்கிறது. மூன்று வருடமாக என் தேநீர் ஆறும் நேரத்தைத்தான் அளந்து வந்திருக்கிறேன்.

சொல்லிவிடலாம் என்று இயக்குநரின் அறைக்குப் போனேன். வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து வந்து தோளைத் தட்டினார்.

“வாய்யா, ஆறின டீ! நம்ம சோதனைய இன்னும் நாலு மருத்துவமனையில கேக்கறாங்க.”

அவ்வளவு சந்தோஷமாக இருக்கும் மனிதரிடம் என்ன சொல்வது? குழாயைச் சரிசெய்ததும் நான் மறுபடி தேநீருக்குப் போனேன். குப்பிகள் மேசையில் காத்திருந்தன. வெட்டி ஐந்து நிமிடத்தில் உறையவைத்ததாகப் படிவத்தில் எழுதினேன். அவமானத்துக்குப் பயந்து மறைத்தேன் என்று என் வாக்குமூலத்தில் நீங்கள் குறித்திருக்கிறீர்கள், அது சரியில்லை. ஒரு சோதனையை எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்ய வேண்டும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. நடுவில் மாற்றினால் முன்னால் வந்தவருக்கு ஒரு நியாயம், பின்னால் வந்தவருக்கு ஒரு நியாயம் என்றாகிவிடும்.

மாத்திரை யாரையும் குணமாக்கவில்லை. எனக்கு விஷயம் தெரிந்த பிறகு அதைச் சாப்பிட்டுச் செத்தவர்கள் பத்தொன்பது பேர் என்கிறீர்கள். எண்ணிக்கை சரிதான். கதிர்வீச்சு கிடைத்திருந்தால் அவர்களில் பாதிப்பேராவது பிழைத்திருப்பார்கள் என்பதும் சரிதான்.

அந்தப் பத்தொன்பதில் என் அக்காவும் உண்டு. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். தேநீரை இரண்டு கோப்பையில் மாற்றி மாற்றி ஆற்றிக் கொடுத்து என்னைக் கெடுத்தவளும் அவளே. நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடும் வேலை. குரலை வைத்தே எங்கள் இருவர் வயிற்றையும் கழுவியவள். அந்தக் குரல் கரகரத்துப் போய் ஒரு நாள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“டாக்டர் சொன்னா பயமா இருக்குடா. நீ பாத்துச் சொல்லு, அதுபடி செஞ்சுக்கறேன்.”

“சோதனை முடியட்டும்க்கா” என்றேன்.

பத்தே முக்காலுக்குக் குப்பி வந்தது. மேலே அக்காவின் பெயர், செவிலியின் உருண்டை எழுத்தில். நைட்ரஜன் குடுவை என் முழங்கைக்குப் பக்கத்தில் புகைந்துகொண்டிருந்தது. தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்கள். என் கை ஆடவில்லை. குப்பியை மேசையில் வைத்துவிட்டுத் தேநீருக்குப் போனேன். அன்று மழைக்குளிர், தேநீர் சீக்கிரமே ஆறிவிட்டது. இருபத்தைந்தாவது நிமிடத்தில் கோப்பை காலி. மிச்சப் பதினைந்து நிமிடத்தையும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே கழித்தேன்.

அவளுக்கும் மரபணு விழித்திருந்தது. மாத்திரை சாப்பிட்டாள். எட்டு மாதம் இருந்தாள். கடைசியில் குரல் அடியோடு போய், சொல்ல வேண்டியதையெல்லாம் தாளில் எழுதிக் காட்டுவாள். ‘உன் சோதனை இல்லேன்னா இவ்ளோ நாள்கூட இருந்திருக்க மாட்டேன்டா’ என்று ஒரு நாள் எழுதினாள். அந்தத் தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது. வேண்டுமானால் சாட்சியமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்தே செய்தேன். பத்தொன்பது பேரையும் கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் நாற்பது நிமிடம்தான். சொந்த அக்காதானே என்று நான் ஒரு நிமிடம்கூடக் குறைக்கவில்லை, இந்த நேர்மை எத்தனை பேருக்கு வரும் சொல்லுங்கள்.