கேன்டீனுக்கு ஒதுக்கிய இடம்

எங்கள் கம்பெனி கேன்டீன் சாம்பாரில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, ஐயா. விசாரணையில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த அம்பத்தூர் தொழிற்சாலையில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். எழுபத்தாறில் அது வந்ததிலிருந்து ஓட்டுபவன் நான், ஆபிரகாம். தகவல்களைச் சேர்த்துவைக்க அதில் ஒரே ஒரு டிஸ்க். சம்பளம், ஸ்டோர், கேன்டீன் மூன்றும் அதற்குள்தான் குடித்தனம். கேன்டீன் புரோகிராமுக்கு அடக்கம் கிடையாது. யார் எத்தனை கரண்டி மோர் வாங்கினார் என்பதுவரை எழுதி டிஸ்க்கை நிரப்பிவிடும். ஒருமுறை இடமில்லாமல் சம்பளமே நின்றுபோனது. அதனால் கேன்டீனுக்கு ஓர் எல்லை வைத்தேன். அதைத் தாண்டி எழுத முடியாது. யாரும் பாராட்டவில்லை.

புரோகிராம் தினமும் சாப்பிடுபவர்களின் பெயர்களை ஆங்கில எழுத்து வரிசையில் எழுதும். இடம் தீர்ந்தால் சத்தமில்லாமல் நிறுத்திக்கொள்ளும். முதலில் வெளியே நின்றவர் ஃபிட்டர் வீராசாமி. மிஷின் அச்சடித்த டோக்கன் இல்லாவிட்டால் சோறு இல்லை. வீட்டுச் சாப்பாட்டை கேட்டுக்குள் விடமாட்டார்கள்.

“இன்னா அண்ணாத்தே, நேத்து நீதானே எனக்குச் சோறு போட்டே?”

“நேத்து மிஷின்ல இருந்தே. இன்னிக்கு இல்ல. நீ யாரு நைனா?” என்றார் பரிமாறும் பாஸ்கல்.

வீராசாமி செருப்பைக் கழற்றிவிட்டு என் ஏ.சி. அறைக்கு வந்தார். வயிறு ஒட்டிப்போயிருந்தது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. டிஸ்க்கில் இடமில்லை என்று பொறுமையாக விளக்கினேன். கேன்டீன் வரிசை குறைந்திருந்ததையும் கவனித்தேன். எல்லையை இன்னும் கொஞ்சம் குறைத்தேன். பட்டியலிலிருந்து வசந்தகுமாரி போனார். பிறகு துலுக்கானம், ராயப்பன், பொன்னியம்மா. அடுத்ததாக பாஸ்கல் தனக்கே சோறு போட மறுத்துவிட்டார். நேர்மையான மனிதர்.

பல மாதம் கழித்து வீராசாமி மறுபடி வந்தார். பாதி ஆளாகியிருந்தார்.

“பேர ஆறுமுகம்னு மாத்திக்கினேன்பா. கெஜட்லயே வந்துடுச்சி. இப்பவாவது சோறு கீதா?”

ஆறுமுகத்தை விதிப்படி சேர்த்தேன். அன்று மாலையே எல்லையை மறுபடி குறைக்க வேண்டியதாயிற்று. ஆபிரகாமுக்குப் பிறகு யாருக்கும் இடமில்லை.

எல்லாம் டிஸ்க்கின் நன்மைக்காக. வடைக்காகச் செய்தேன் என்று அவர்கள் சொல்வது அபாண்டம். அத்தனை பேர் வடையையும் நான் தின்றது உண்மைதான். சமைத்தது வீணாகக் கூடாதல்லவா. ஆனால் வடை போடுவது புதன்கிழமை மட்டும். எல்லையை நான் குறைத்ததெல்லாம் செவ்வாய்க்கிழமைகளில்.