மகள் எழுதிய ஒரு வரி

தம்பலகாமத்து பஸ்ஸிலிருந்து இறங்கி, நகருக்குள் போகுமுன் சோதனைச்சாவடி வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

“கொழும்பில கம்பியூட்டர் வேலை செய்யிற என்ட மகள் மூண்டு மாதமா யோசிச்சு ஒரே ஒரு வரி எழுதினவள், அக்கா” என்றார் குடை பிடித்திருந்தவர்.

“ஒரு வரிக்கு மூண்டு மாதமோ?”

“கம்பியூட்டருக்குள்ள இன்னொரு கம்பியூட்டர் ஓடுதாம். ரெண்டுக்கும் பொதுவா ஒரு வரிசை. ஒண்டு தகவலை அதில வைச்சிட்டுத்தான் ‘வைச்சிட்டன்’ எண்டு சொல்லவேணும். அவசரத்தில முதல் சொல்லிப்போட்டுப் பிறகு வைக்குது. மற்றது வந்து எடுத்தா பழைய குப்பை. எப்பவாவது ஒருக்காத்தான் அப்பிடிப் பிழை வருமாம். அதால பெரிய ஆக்களுக்கே பிடிபடேல்லை.”

“அப்ப அந்த வரி?”

“‘முன்னுக்குள்ளது முடியுமட்டும் பின்னுக்குள்ளது நிக்கட்டும்.’ அவ்வளவுதான்.”

சிப்பாய் கை காட்டினான். வரிசை ஓரடி நகர்ந்து நின்றது.

மற்றவர் அடையாள அட்டையை எடுத்தபடி சொன்னார்: “பின்ன? பிறந்ததிலயிருந்து இந்த வரிசையில நிண்டு வளந்த பிள்ளை. அவளுக்குப் பிடிபடாமல் வேற ஆருக்குப் பிடிபடும்?”