ஒரு கேன் போதும்

பெட்ரோல், டீசல் தட்டுப்பாட்டு நேரத்திலும் தெருமுனை டீக்கடைக்குப் பைக்கிலேயே போய்ப் பெட்ரோலைத் தீர்த்த நான், வண்டியைத் தள்ளிக்கொண்டு சோழவந்தான் பங்க் வரிசையில் நின்றேன். முன்னால் இரண்டு காலிக் கேன்களோடு ஒரு விவசாயி.

"இன்னைக்கும் டீசல் லாரி வரக்கூடாது சாமி" என்று வேண்டிக்கொண்டார் அவர்.

"என்ன மாப்ள, வெத்தலைக் கொடிக்கால் காயணுமா?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"காயல மாமா. பேச்சுவார்த்தையே இல்லாத எங்கண்ணன், இருக்குற டீசல ஒரே எஞ்சின்ல ஊத்தி ரெண்டு பேரும் தண்ணி பாய்ச்சுவோம்னு வந்தாரு. இப்ப தெனம் வாராரு. டீசல் கெடைச்சா அவரு எஞ்சினுக்குப் போயிருவாருல்ல?"

லாரி வந்துவிட்டது. விவசாயியின் முகம் தொங்கிப்போனது. அப்போது அவர் கைப்பேசி ஒலித்தது.

"சொல்லுங்கண்ணே... ஒரு கேன் போதுமா? இனிமேலும் ஒரே எஞ்சின்தானா? சரிண்ணே, சரிண்ணே!"

மற்ற கேனை மாமாவிடம் நீட்டினார்.

"இதுல நீங்க புடிச்சுக்கங்க."

"நல்லவேளை மாப்ள, சாமி ஒன் பேச்சக் கேக்கல!"