மேக்கப் பண்ணலாம் வா

ஹலோ... ஹலோ, தம்பி... நான்தான்டா, சின்னக்கா... சத்தமாப் பேச முடியாது, பாத்ரூம்லேருந்து பேசறேன்... எங்க வீட்டு பாத்ரூம் இல்லடா, பெரியக்கா வீட்டு பாத்ரூம்!... ஆமா... ஆமாங்கிறேன்... சத்தியமா அவ வீடுதான்... நாலு வருஷம் கழிச்சு... டேய், கத்தாதே, காது கிழியுது!

கேளு... நேத்து சாயங்காலம் ஒரு மெசேஜ்... நானா? நானாவது முதல்ல பேசறதாவது! அவதான் அனுப்பினா. மேக்கப் பண்ணணுமாம், காலைல பத்து மணிக்கு வரணுமாம்... ஆமாடா, மேக்கப்பு! பொண்ணு கல்யாணத்துக்கு என்னை விட்டுட்டு வேற எவளையோ வச்சு மேக்கப் போட்டாளே... ஊர்ல இருக்கிற மணப்பொண்ணுக்கெல்லாம் அலங்காரம் பண்றவ, சொந்த அக்கா பொண்ணுக்கு ஆகாதவளாப் போயிட்டேனான்னு நான் அந்தக் கல்யாணத்துக்கே போகலையே... அதே அக்கா என்னை மேக்கப்புக்குக் கூப்பிடறா! பஸ்ல தனியாச் சிரிச்சுக்கிட்டே வந்தேனா, பக்கத்துல இருந்த அம்மா எழுந்து வேற ஸீட்டுக்குப் போயிட்டாங்க!

ரெண்டு மேக்கப் பெட்டியையும் தூக்கிட்டு வந்துட்டேன்... இல்ல, பேச்சே இல்ல. கதவைத் தொறந்தா, பெட்டியைப் பார்த்தா, திருதிருன்னு முழிச்சா. நாற்காலியைக் காட்டினேன், உக்காந்துட்டா... ஆமா, கழுத்துல துண்டைக் கட்டி, மூஞ்சியைத் தொடைச்சு, க்ரீம் போட்டு, பவுடர் போட்டு... என்ன விசேஷம்னு கேட்டேன், கண்ணை மூடிக்கிட்டு முகத்தை நீட்டறா. ஒரு பக்கம் முடிச்சுட்டு அடுத்த கண்ணுக்கு மை போட்டா, தண்ணி ஊத்துது. தொடைச்சுட்டு மறுபடி போட்டா, மறுபடி ஊத்துது! கண்ணாஸ்பத்திரி ரிசப்ஷன்ல இருக்கிறவ கண்ணையே நான் கெடுத்துட்டேனோன்னு பயந்து போய்தான் உனக்கு போன் போட்டேன்...

மெசேஜா? இப்ப எதுக்குடா அது?... இங்கிலீஷ்லதான். அந்த வேலைக்குப் போனதுலேருந்து அவளுக்கு எல்லாமே இங்கிலீஷ்தானே... இரு, படிக்கிறேன். "லெட் அஸ் மேக்கப். ப்ளீஸ் கம் டுமாரோ, டென் ஓ க்ளாக்." பாத்தியா? மேக்கப்!

ஏன்டா சிரிக்கிறே?... டேய்... இங்கிலீஷ் வாத்தியாரே, சிரிச்சது போதும், சொல்லித் தொலை...

என்னது?... மறுபடி சொல்லு... சமாதானமாப் போறதா?... மேக்கப்புன்னாலா?... விளையாடாதே... சரி, உன் பசங்களுக்குச் சொல்ற மாதிரி பொறுமையாச் சொல்லு... ம்... ம்... சண்டை போட்டவங்க ராசியாகறதும் மேக்கப்பு... இல்லாத கதையைக் கட்டி விடறதுமா?... அடப்பாவி... விட்டதை ஈடு கட்டறது?... அதுவுமா!... மனசுல ஒரு முடிவுக்கு வர்றதுக்கும் அதேதானா? ஒரு சொல்லைப் பிடிச்சு இப்படியாடா வேலை வாங்குவாங்க! மூஞ்சிக்குப் பூசறது இதுல எத்தனையாவது?

அய்யோ... அப்போ அவ சமாதானம் பேசக் கூப்பிட்டிருக்கா. நான் வந்து முக்கால் மணி நேரமா அவளுக்குப் பூசிட்டிருக்கேன்!... அவ ஏன்டா சொல்லல? "இதுக்கில்லடி"ன்னு ஒரு வார்த்தை...

இரு, கதவைத் தட்டறா... லைன்லயே இரு...

என்னக்கா?... ஆமா, தம்பிதான்... எல்லாம் கேட்டுச்சா?... அப்பவே சொல்லியிருக்கலாம்ல நீ?...

டேய், இருக்கியா?... என்ன சொல்றா தெரியுமா? சொன்னா நான் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவேனாம். என் கை அவ கன்னத்துல கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு பேசாம உக்காந்திருந்தாளாம்... இரு, இன்னும் என்னமோ சொல்றா...

என்னக்கா?... கல்யாணத்துலயா?... நானா?... எங்க, முதல் வரிசையிலயா?...

தம்பி... அன்னிக்கு நான் விடியறதுலேருந்து சீப்பும் கையுமா ரூமுக்குள்ளயே நிக்கக் கூடாதாம்டா. நல்லா உடுத்திக்கிட்டு, பொண்ணுக்குச் சித்தியா, எல்லாரும் பாக்க முன்னாடி உக்காரணும்னுதான் வேற ஆளைப் போட்டாளாம்... நான் கோவிச்சுக்கிட்டு வராமலே போவேன்னு நெனச்சே பாக்கலையாம்... கடைசி வரைக்கும் அந்த நாற்காலியில யாரையும் உக்கார விடலையாம்...

அழலடா... சிரிக்கிறேன்... சரி, ரெண்டும்தான்...

கதவைத் தொறக்கிறேன்... அடக் கடவுளே! டேய், இவளை நீ பாக்கணும்! இந்தப் பக்கம் சினிமாக்காரி, அந்தப் பக்கம் நம்ம அக்கா... சிரிக்க வைக்காதேக்கா... கண்ணைக் கசக்காதே! கசக்காதே, மை கலைஞ்சிடும்... போச்சு... கன்னமெல்லாம் போச்சு... சரி, போகட்டும், நல்லாக் கசக்கு... இங்க வா...

தம்பி, வைக்கிறேன்டா. எனக்கு ரெண்டு கையும் வேணும்.